கேளுங்கள், சொல்கிறேன்: நர்மதைக் கரையின் டைனோசர் பாறை

கே: இந்தியாவில் டைனோசர் வாழ்ந்ததற்கு அடையாளம் எங்கே இருக்கிறது? (வாசகர், தேனி)

பல இடங்களில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது லமேட்டா பாறை. ஜபல்பூர் பக்கம் நர்மதையில் லமேட்டா காட் என்றொரு படித்துறை உண்டு. அந்தப் பெயரையே பாறைக்கும் வைத்துவிட்டார்கள். தக்காணத்து எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல்லுக்கு அடியில், மத்தியப் பிரதேசம், குஜராத், மகாராஷ்டிரம் என்று அங்கங்கே தலைகாட்டும். வயது ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டு. 1828இல் ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி பொறுக்கிய எலும்புகள்தான் நம் நாட்டில் முதலில் கிடைத்தவை. அவற்றை வைத்து 1877இல் லிடெக்கர் என்ற ஆய்வாளர் அந்த மாபெரும் தாவர உண்ணிக்கு 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார். நெற்றியில் கொம்பு போன்ற புடைப்புள்ள ஊன் உண்ணி ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் இதே பாறையில் கிடைத்ததுதான். பெயர் சூட்டியது 2003இல்.

கே: டைனோசர் முட்டை பார்க்க எப்படி இருக்கும்? உள்ளே குஞ்சு இருக்குமா? (வாசகி, நாகர்கோவில்)

கல்லூரியில் ஜியாலஜி நடத்திய காலத்தில் மாணவர்களைக் குஜராத்தின் ரையோலிக்குக் கூட்டிப்போவேன். முழு உருண்டையைத் தேடிக் கண்ணை அலையவிடுவார்கள், ஒன்றும் தெரியாது. குனிந்து பார்க்கச் சொல்வேன். சுண்ணாம்பேறிய வெளிர் பாறையின் பரப்பில் வட்டமாக ஒரு மெல்லிய கோடு ஓடும். அதுதான் ஓடு, சில மில்லிமீட்டர் தடிப்பு. லென்ஸ் வைத்தால் குஞ்சு மூச்சு வாங்கிய நுண்துளைகள்கூடத் தெரியும். உள்ளே பெரும்பாலும் மண்தான். குஞ்சு கிடைப்பது மிக அரிது.

2023இல் வெளியான ஓர் ஆய்வு, மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் மட்டும் டைட்டனோசாரஸ் வகை டைனோசர்களின் 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் பதிவு செய்திருக்கிறது. முட்டைகள் 15 முதல் 17 சென்டிமீட்டர் குறுக்களவு. கூடுகள் நெருக்கமாக இருக்கின்றன. அவ்வளவு பெரிய தாய் அதற்கு நடுவே நடமாடியிருந்தால் எல்லாம் மிதிபட்டிருக்கும். அதனால் இட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஒரு கூட்டின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 1984இல் தனஞ்சய் மோகபே என்ற நம் நிலவியலாளர் குஜராத்தின் டோலி டுங்ரியில் ஒரு கல் பாளத்தை எடுத்தார். முட்டைகள், பக்கத்தில் சிறு எலும்புகள். எல்லாமே குஞ்சின் எலும்புகள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2001இல் ஜெப் வில்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதே பாளத்தைப் பார்த்தபோது, அவற்றில் சில பாம்பின் முதுகெலும்பு என்று பிடிபட்டது! மேலே ஒட்டியிருந்த கல்லைச் சுத்தம் செய்ததும், நசுங்கிய முட்டையைச் சுற்றிச் சுருண்ட மூன்றரை மீட்டர் பாம்பு தெரிந்தது. பக்கத்தில் அரை மீட்டர் நீளக் குஞ்சு. புயல் மழையில் சரிந்து வந்த சேற்று மணல் எல்லாவற்றையும் அப்படியே மூடியிருக்க வேண்டும். 2010இல் அந்தப் பாம்புக்கு சனாஜே இண்டிகஸ் என்று பெயரிட்டார்கள்.

மோகபே பாளத்தை உடைக்காமல் எடுத்து வந்ததால்தான் இது தெரிந்தது. முட்டையை மட்டும் பெயர்த்து அலமாரியில் வைத்திருந்தால் பாம்பு போயிருக்கும், அது குஞ்சுக்காகக் காத்திருந்த சேதியும் போயிருக்கும். தயவுசெய்து, எங்கே எது கண்ணில் பட்டாலும் தோண்டாதீர்கள். அளவுக்கு ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கோ பக்கத்துக் கல்லூரிக்கோ சொல்லுங்கள்.

கே: பெரம்பலூரில் டைனோசர் முட்டை என்று 2020இல் பரபரப்பானதே? (வாசகர், திருச்சி)

அவை முட்டை அல்ல. டைனோசர் காலத்தில் அந்தப் பக்கம் கடல். அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிரினங்களும், அவற்றைச் சுற்றி மண் இறுகிய உருண்டைகளும் அங்கே நிறைய. அதற்காக ஏமாற்றம் வேண்டாம். அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டு மணற்பாறை, கடல் பின்வாங்கிய பிறகு ஆறு கொண்டுவந்து கொட்டியது. அதில் உண்மையான டைனோசர் எலும்புகள் கிடைத்திருக்கின்றன.

கே: டைனோசர்கள் புல் தின்றனவா? (மாணவி, கரூர்)

தின்றிருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் லமேட்டா பாறையில் கல்லாகிப்போன சாணம் கிடைக்கிறது. அதற்குள் புல்லின் சிலிக்கா துகள்கள் இருப்பதை லக்னோவின் வந்தனா பிரசாத் குழு 2005இல் காட்டியது. அதுவரை டைனோசர் காலத்தில் புல் பெரிதாக இல்லை என்றே எண்ணியிருந்தார்கள். 2011இல் நெல்லின் கிளையைச் சேர்ந்த புல்லும் அந்தச் சாணத்தில் தெரியவந்தது.

கே: ஏழாம் வகுப்புப் பையனுக்கு எங்கே காட்டலாம்? (வாசகர், ஓசூர்)

நேரமும் காசும் இருந்தால் ரையோலி டைனோசர் பூங்காவுக்கே போங்கள். முட்டைகளைப் பாறையிலேயே பார்க்கலாம். ஓசூரிலிருந்து கிட்டத்தில் என்றால் ஹைதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகம். அங்கே நிறுத்தி வைத்திருக்கும் கோட்டாசாரஸ் என்ற நீள்கழுத்து டைனோசரின் எலும்புக்கூடு லமேட்டாவைவிட மிகப் பழைய கோட்டா பாறையைச் சேர்ந்தது. கழுத்தெலும்புகளைப் பையனையே எண்ணச் சொல்லுங்கள்.