அந்தப் படத்தை எதற்கு அனுப்பினீர்கள்?

அன்புள்ள அம்மா,

மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். போன மாதம் நகரத்தில் ஒரு புடவைக்கடையைத் திறந்து வைக்க இந்தியாவிலிருந்து ஒரு நடிகை வந்தார். எங்கள் ஊரிலிருந்து வான் பிடித்துப் போனார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றார்கள். அதே கிழமை ஒரு விடுதியில் சில பெண்களைப் பொலிஸார் பிடித்தார்கள். அந்தப் படத்தை முகநூலில் போட்டுக் காறித் துப்பியவர்களும் இதே ஆட்கள்தான். (படத்தை இணைத்திருக்கிறேன்.) உடலைக் காட்டிச் சம்பாதிப்பதில் இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? ஒருவருக்கு மாலை, மற்றவருக்கு விலங்கு. சுவீடன் 1999இல் செய்தது போல வாங்குகிறவனைத் தண்டிப்பதா, நியூசிலாந்து 2003இல் செய்தது போலத் தொழிலாக ஏற்பதா, நமக்கு எது பொருந்தும்?

கடைசியாக ஒரு சொந்தக் கேள்வி. கலைவிழாவில் தரம் 10 மாணவிகள் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடக் கேட்கிறார்கள். பெற்றோர் சிலர் எதிர்க்கிறார்கள். பொறுப்பாசிரியர் நான். என்ன முடிவெடுப்பது?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்துக்கு முன்பே அந்தப் படம் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் அம்மன் கோயில் வட்ஸ்அப் குழுவில், திருக்குளிர்த்திச் சடங்குக்கு யார் அரிசி தருகிறார்கள், யார் இளநீர் தருகிறார்கள் என்ற பட்டியலுக்கும், ஒலிபெருக்கி வாடகை பற்றிய சண்டைக்கும் நடுவில் வந்து விழுந்தது. போட்டவர் மூன்று பிள்ளைகளின் தகப்பன். கீழே கைகூப்பும் அடையாளம் வேறு. அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று மனதுக்குள் ஒரு குடைச்சல். நீங்களும் எழுதிவிட்டீர்கள்.

முதலில் உங்களைத் திட்டிவிட்டு மற்றதைப் பேசுகிறேன்.

அந்தப் படத்தை எனக்கு எதற்கு அனுப்பினீர்கள்? நடிகையின் படத்தை அனுப்பவில்லையே. அவர் வந்தார், கடை திறந்தார் என்று எழுதினால் நான் நம்புவேன் என்று தெரிந்திருக்கிறது. பிடிபட்ட பெண்களைப் பற்றி எழுதும்போது மட்டும் ஆதாரம் காட்டத் தோன்றியிருக்கிறது. அவர்களுக்காக இரங்கி எழுதிய கடிதத்துக்குள் அவர்களின் முகங்களையும் வைத்து அனுப்புகிறீர்கள். நல்ல மனத்தோடுதான் செய்தீர்கள், சந்தேகமில்லை. கோயில் குழுவில் போட்டவரும் ‘சமூக விழிப்புணர்வுக்காக’ என்று எழுதித்தான் போட்டார்.

போகட்டும், அனுப்பினீர்களே, அதைச் சரியாகப் பார்த்தீர்களா? நான்கு பெண்கள். ஒருத்தி கைப்பையால் முகத்தை மறைக்கிறாள். இரண்டு பேர் குனிந்திருக்கிறார்கள். கடைசியில் நிற்பவள் மறைக்கவே இல்லை, களைத்துப்போய்ச் சுவரைப் பார்க்கிறாள். வலது ஓரத்தில் ஓர் ஆணின் கை இருக்கிறது. கைக்கடிகாரம் கட்டிய கை. முழங்கைக்கு மேலே பூப்போட்ட சட்டையின் ஓரம் கொஞ்சம், அவ்வளவுதான். அதற்கு மேல் வெட்டியாகிவிட்டது. பொலிஸார் கடமைக்குப் பூப்போட்ட சட்டை போடுவதில்லை. படம் எடுத்தவருக்கு அந்த ஆளின் முகம் தெரிந்திருக்கிறது, வெட்டியவருக்கும் தெரிந்திருக்கிறது. எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு அது ஆயிரம் கைபேசிகளுக்குப் போயிருக்கும். அந்தக் கை யாருடையது என்று ஒருவர்கூடக் கேட்டதாக நான் காணவில்லை. நீங்களும் கேட்கவில்லை, தம்பி. மாலை, விலங்கு என்று அழகாக எழுதத் தெரிந்த உங்களுக்கு அந்தக் கை கண்ணில் படவில்லை.

நான் இந்த மாகாணத்து நீதவான் நீதிமன்றம் ஒன்றின் பதிவறையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ‘பொலிஸார் பிடித்தார்கள்’ என்று எழுதுகிறீர்களே, எந்தக் குற்றத்துக்கு? வயது வந்த ஒருத்தி காசு வாங்கிக்கொண்டு பாலுறவு கொள்வது குற்றம் என்று இலங்கைச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. நம்ப மாட்டீர்கள், சட்டத்தரணி யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். இந்தப் பெண்களைப் பிடிக்கப் பொலிஸார் எடுப்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். நம் கல்லடிப் பழைய பாலம் 1924இல் வந்தது. அதற்கும் எண்பது ஆண்டுகள் முந்திய சட்டம் இது. பொது வீதியில் அலைந்து ஒழுங்கீனமாக நடக்கும் விலைமாது என்று அதில் ஒரு வாசகம் இருக்கிறது. அந்தப் பிரிவின்படி முதல் தடவைக்கு 14 நாள் வரை சிறை, அல்லது 10 ரூபாய் வரை தண்டம். பத்து ரூபாய்! இன்று ஒரு தேநீர்கூடக் கிடைக்காத காசு. மற்றது 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம். அது விடுதி நடத்துகிறவரையும் இடம் கொடுக்கிறவரையும் குறிவைத்து எழுதப்பட்டது. நடைமுறையில் அறைக்குள் இருந்த பெண்கள் உடந்தையாக இருந்தார்கள் என்று சேர்க்கப்பட்டு நீதிமன்றத்துக்கு வருவார்கள். என் காலத்தில் பையில் ஆணுறை இருந்தால் அதுவும் சான்று. அரசாங்கத்தின் ஒரு கை இலவசமாகக் கொடுத்ததை இன்னொரு கை சான்றுப் பொருளாக எடுத்து வைக்கும்.

பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசு தண்டத்தைவிடப் பல மடங்கு. வாதாடினால் தவணை, தவணை என்றால் இன்னொரு தடவை அதே வராந்தா. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டால் பகல் பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிடும்.

அப்படி வந்த ஒருத்தி காசு வாங்கும் சிறாப்பரின் யன்னலில் தண்டப்பணம் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டை வாங்கினாள். போகவில்லை. பின்னால் நின்ற ஆட்கள் முடியும் வரை ஓரமாக நின்றுவிட்டு என் மேசைக்கு வந்தாள். “அக்கா, இதில் என்ன எழுதியிருக்கிறது?” வழக்கு இலக்கமும் தொகையும் பெயரும்தான் என்றேன். “வேறொன்றும் இல்லையா?” இல்லை என்றேன். “மகன் இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிறான்” என்றாள். அந்தச் சீட்டை நான்காக மடித்தாள். திரும்ப விரித்து, தானும் ஒரு தடவை விரல் வைத்து வாசித்துப் பார்த்தாள். பிறகு கிழித்து என் மேசைக்கடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, “பரவாயில்லையா அக்கா?” என்று கேட்டாள். அரசாங்கப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் கடமை எனக்கு இருந்தது. பரவாயில்லை, போ என்றேன்.

அந்தப் பெண்ணைத் தெரிந்தவர் யாரும் இதை வாசித்தாலும் அடையாளம் காண முடியாது என்ற நிச்சயத்தில்தான் எழுதுகிறேன். அந்தக் காலத்தில் ஒரு துண்டுக் கடதாசியைக் கிழித்தால் விடயம் முடிந்தது. இப்போதைய தாய் எதைக் கிழிப்பாள்? உங்கள் கைபேசியையா, என் கைபேசியையா? அவளுடைய பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கவும் தேவையில்லை, முகத்தைப் பார்த்தாலே போதும். பக்கத்து நாட்டில் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் இதைப் பற்றியே பேசியது. இப்படிப்பட்ட சோதனைகளில் பிடிபடும் பெண்களின் அடையாளம் தெரியும்படி ஊடகங்கள் எதையும் வெளியிடக் கூடாது என்றது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டாது. நம்முடைய செய்திப் பக்கங்களை நடத்துகிறவர்களுக்குக் கொஞ்சம் வெட்கமாவது வரலாம். அவர்களில் சிலர் என்னை வாசிக்கிறார்கள் என்று தெரிந்துதான் இந்த வரியை எழுதுகிறேன்.

நீங்கள் வித்தியாசம் கேட்டீர்கள். சொல்கிறேன். இந்தப் பெண்கள் நீதிமன்ற வராந்தாவில் நடந்து வரும்போது அங்கே காணி வழக்குக்கும் தாபரிப்பு வழக்குக்கும் மாடு களவுபோன வழக்குக்கும் வந்த ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். எல்லாரும் உற்றுப் பார்ப்பார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் இரண்டொரு பேர் திடீரென்று திரும்பி அறிவித்தல் பலகையை வாசிக்கத் தொடங்குவார்கள். மாதக்கணக்கில் மாறாத அறிவித்தல்கள். அவ்வளவு ஆர்வமாக அவற்றை வாசித்தவர்களை நான் வேறு எப்போதும் கண்டதில்லை. அவளோ யாரையும் நிமிர்ந்தும் பார்க்காமல் நடந்து போவாள்.

நடிகைக்கு நம் ஊரில் ஒருவரையும் தெரியாது, தம்பி. கூட்டத்தைப் பார்த்துக் கையசைப்பார், நாடாவை வெட்டுவார், புறப்பட்டுப் போய்விடுவார். அவரைப் பார்த்துவிட்டு வந்ததை மனைவியிடம் சொல்லலாம், மாமியாரிடமும் சொல்லலாம். அறுகம்பேயில் நீச்சலுடையில் நடக்கும் வெள்ளைக்காரியும் அப்படித்தான். பொத்துவில் பக்கம் முணுமுணுப்பார்கள், ஆனாலும் பருவம் முடிந்தால் அவள் போய்விடுவாள், காசு இங்கே நிற்கும். விடுதிப் பெண் எங்கேயும் போக மாட்டாள். அடுத்த கிழமை சந்தையில் மரக்கறிக் கடைக்கு முன்னால் நிற்பாள். யார் யார் வந்தார்கள், யார் கடன் சொன்னார்கள், யார் குடித்துவிட்டு அழுதார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஊர் அவளைத் துப்புவது அந்தத் தெரிதலுக்காகத்தான். அவள் வாயைத் திறந்ததாக என் காலத்தில் ஒரு வழக்கிலும் நான் காணவில்லை. இருந்தாலும் பயம் போகாது. அதனால்தான் அவளை முந்திக்கொண்டு கெட்டவளாக்கி வைத்துவிடுகிறார்கள். கெட்டவள் சொல்வதை யார் நம்புவார்கள்?

நடிகையும் விடுதிப் பெண்ணும் ஒன்று என்ற உங்கள் வாதத்தை விட்டுவிடுங்கள். ‘உடலைக் காட்டி’ என்று நீங்களே ஒரு துப்பல் துப்பித்தான் அந்தக் கேள்வியைத் தொடங்குகிறீர்கள். வெயிலில் நின்று பார்த்த அதே ஆட்கள் இரவில் அந்த நடிகையின் படத்துக்குக் கீழே எழுதியதையும் போய் வாசியுங்கள், பிறகு மாலையைப் பற்றிப் பேசலாம். சுவீடனா நியூசிலாந்தா என்பதை அந்த 1841ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிய பிறகு கேளுங்கள்.

நாம் கண்ணகியைக் கும்பிடுகிற மண். வைகாசியில் வாவியின் இரு பக்கமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், அவள் கதையைப் பாடும் வழக்குரை படிப்பு நடக்கும். என் பெரியம்மா கேட்டு அழுதுவிட்டு வந்து, “அந்த வேசியால்தான் எல்லாம் கெட்டது” என்பார். சிலப்பதிகாரத்தில் நடந்தது என்ன? மாதவி ஆடி அரங்கேறுகிறாள். 1008 கழஞ்சுப் பொன் பெறும் மாலையை வாங்குகிறவன் அவளுக்கு உரியவன் என்று, நகரத்துச் செல்வப் பிள்ளைகள் உலாவும் தெருவில் ஒரு கூனி கொண்டுபோய் நிற்கிறாள். கோவலன் வாங்குகிறான். நம் பொலிஸார் அன்று அந்தத் தெருவில் நின்றிருந்தால் கூனியைப் பிடித்திருப்பார்கள், மாதவியைப் பிடித்திருப்பார்கள். கோவலனுக்குப் படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் மிஞ்சியிருக்கும். பெரியம்மாவிடம் மாலையை வாங்கியவன் யார் என்று கேட்டால், “ஆண்பிள்ளை அப்படித்தான்” என்று வெற்றிலையை மடிப்பார்.

இதே மண்ணில், காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், அந்த அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் 25 அடிகளைத் துலக்கப் புகுந்துதான் யாழ்நூலை எழுதினார். 1947இல் வெளிவந்தது. ஒரு துறவிக்குக் கணிகை ஒருத்தியின் அரங்கேற்றத்தின் முன்னால் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருப்பதில் கூச்சம் இருக்கவில்லை. அதே 1947இல் சென்னை மாகாணம் தேவதாசி முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது. அவர்களின் ஆட்டத்தைப் பரதம் என்று வைத்துக்கொண்டு ஆடிய குடும்பங்களை வாசலுக்கு வெளியே விட்டார்கள். இன்று உங்கள் பெற்றோரில் சிலர் பிள்ளையின் பரத அரங்கேற்றத்துக்கு மண்டபம் பதிவுசெய்துவிட்டு வந்து, சினிமாப் பாட்டுக்கு ஆடுவது ஒழுக்கக்கேடு என்று உங்களிடம் முறையிடுகிறார்கள்.

உங்கள் கேள்வியை நான் மறக்கவில்லை. ஆட விடுங்கள். பாட்டை முழுதாக நீங்களே கேட்டுப் பாருங்கள். பொருள் தெரியாமல் பிள்ளைகள் வாயசைக்கும் வரி ஏதாவது இருந்தால், அதன் பொருளை அவர்களிடம் நேராகச் சொல்லிவிட்டு இன்னும் இந்தப் பாட்டுத்தான் வேண்டுமா என்று கேளுங்கள், தரம் 10 பிள்ளைகளுக்கு யோசிக்கத் தெரியும். நடன ஆசிரியையைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை, அவர் இருக்கும்போது நீங்கள் ஏன் தனியாக முடிவெடுக்கிறீர்கள்? மண்டபத்தில் கைபேசியால் ஒளிப்பதிவு செய்யக் கூடாது என்று அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். முன்வரிசையில் இருக்கும் பிரமுகர்களுக்கும் சேர்த்துத்தான். அதிபர் மறுத்தால் என் பெயரை இழுக்க வேண்டாம். அவருக்கும் எனக்கும் ஒரு பழைய காணி வழக்கில் கணக்குத் தீரவில்லை, உங்கள் பிள்ளைகளின் நடனம் அதில் மாட்டிக்கொள்ளும்.