பாதிச் சாப்பாட்டிலேயே மூச்சு வாங்குகிறது: அப்பாவுக்கு என்ன கொடுக்கலாம்?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். நாற்பது ஆண்டு சிகரெட் பிடித்தார். விட்டு ஆறு ஆண்டாகிறது. ‘சிஓபிடி’ (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி இரண்டு இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். பாதிச் சாப்பாட்டில் மூச்சு வாங்கித் தட்டை ஒதுக்கிவிடுகிறார். ஓராண்டில் 58 கிலோவிலிருந்து 51 ஆகிவிட்டார். உயரம் 166 செ.மீ. சளி கட்டும் என்று பால், தயிர், வாழைப்பழம் மூன்றையும் நிறுத்திவிட்டோம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மூலிகைப் பொடியைக் கலக்கிக் கொடுக்கிறேன். நுரையீரலைச் சுத்தப்படுத்த வேறு என்ன உணவு தரலாம்?
சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகி

மருத்துவர் பதில்:

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கண் 58, 51 என்ற இரண்டு எண்களில்தான் நின்றது. ஓராண்டில் ஏழு கிலோ, அதாவது உடம்பில் எட்டில் ஒரு பங்கு கரைந்திருக்கிறது. வயசாகிவிட்டது, நோய் இருக்கிறது என்று இதை விட்டுவிடக் கூடாது. நாற்பது ஆண்டு புகைத்தவருக்கு இப்படி எடை இறங்கினால் நுரையீரல் புற்றுநோய், காசநோய், நீரிழிவு, தைராய்டு இவையெல்லாம் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அடுத்த ‘அப்பாயின்ட்மென்ட்’ வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ அழைத்துப் போய், எடை குறைந்த கதையை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

இனி, சாப்பாட்டுக்கும் மூச்சுக்கும் உள்ள சிக்கல். சிஓபிடியில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கஷ்டம். வெளியேறாத காற்று தேங்கி நுரையீரல் ஊதிப்போகிறது. அதன் கீழே குடைபோல் வளைந்திருக்க வேண்டிய உதரவிதானம் என்ற மூச்சுத் தசை அழுந்தித் தட்டையாகிறது. வயிறும் நிறைந்தால் கீழேயிருந்தும் நெருக்கடி. போதாததற்கு, ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் மூச்சு ஒரு கணம் நிற்கிறது. அப்பா தட்டை ஒதுக்குவது பிடிவாதத்தால் இல்லை. அவரால் முடியவில்லை.

நமக்கு மூச்சு விடுவது ஒரு வேலையாகவே தெரிவதில்லை. அவருக்கோ கழுத்துத் தசை, விலாத் தசை எல்லாம் நாள் முழுக்க உழைக்க வேண்டியிருக்கிறது. செலவு கூடி, வரவு குறைந்துவிட்டது. ஈடுகட்ட உடம்பு தன் தசையையே கரைக்கிறது. மூச்சுத் தசையும் அதில் போகிறது. அவருடைய உடல் நிறைக் குறியீடு இப்போது 18.5. இந்த நோயின் போக்கைக் கணிக்க நாங்கள் பயன்படுத்தும் ‘போட்’ அளவுகோலில் இந்தக் குறியீடு 21க்கு இறங்கினாலே ஆபத்துப் புள்ளி ஒன்று சேர்ந்துவிடும். இந்த நிலையில் இருப்பவரிடமிருந்து பால், தயிர், பழம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

தயவுசெய்து மூன்றையும் திருப்பிக் கொடுங்கள். பால் சளியை உண்டாக்குவதில்லை. உமிழ்நீரோடு கலந்து தொண்டையில் சற்று நேரம் கெட்டியாகத் தங்குவதைத்தான் நாம் சளி என்று நினைக்கிறோம். 1990இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 60 பேருக்குச் சளிக் கிருமியைக் கொடுத்து, அவர்கள் குடித்த பாலையும் மூக்கிலிருந்து வந்த சளியின் எடையையும் ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு இல்லை. என் அம்மாவும் மழை நாளில் தயிரை எங்கள் கண்ணில் காட்டமாட்டார்; அந்த அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரை அடிக்கடி எடுக்க நேரும் நோயாளிக்கு எலும்பு தேயும். அவருக்குக் கால்சியம் கட்டாயம் வேண்டும். குளிர்ச்சியாகக் குடித்தால் இருமல் வருகிறதென்றால் வெதுவெதுப்பாகக் கொடுங்கள், போதும்.

நுரையீரலைக் கழுவும் உணவு என்று ஒன்று கிடையாது. அந்தப் பொடியை உடனே மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். வெளியில் சொல்லாமல் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்ற ‘மூலிகை’ப் பொருள்களைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆடாதோடை போன்ற நம் மூலிகைகளை நான் குறைத்துப் பேசவில்லை. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டித்தான் புரோம்ஹெக்சின் என்னும் சளி மருந்தே பிறந்தது. மருந்துக்குரிய வேகம் உள்ள ஒன்றை, அளவு தெரியாமல், இன்ஹேலர் போடும் முதியவருக்குக் கொடுக்கக் கூடாது என்பதே என் பயம்.

சத்து மாத்திரை வாங்கும் எண்ணம் இருந்தால் இதையும் கேளுங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. அதே சத்து உள்ள கேரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரையைத் தாராளமாகச் சமைத்துக் கொடுங்கள். மாத்திரை மட்டும் வேண்டாம்.

சரி, என்ன கொடுப்பது? மூன்று வேளையை ஐந்தாகப் பிரியுங்கள். ஒவ்வொரு முறையும் சின்னக் கிண்ணம். அவர் எடைக்கு ஒரு நாளில் 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும், சிறுநீரகம் சரியாக இருந்தால். காலையில் இரண்டு இட்லி, நன்றாக வெந்த முட்டை ஒன்று. பத்து மணிக்கு ஒரு குவளைப் பால், வாழைப்பழம். மதியம் குழைந்த சோறு, மீன் குழம்பு, கீரை. தேக்காவில் கிடைக்கும் கானாங்கெளுத்தியும் மத்தியும் போதும். விலை கூடிய சால்மனைத் தேடிப் போக வேண்டாம். மாலையில் சோயாப் பாலில் செய்யும் டவ்ஹுவேயோ கடலை மிட்டாயோ. இரவு இடியாப்பம், பருப்பு. படுக்கைக்குப் போக இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். முதலில் மீனையும் முட்டையையும் சாப்பிடச் சொல்லுங்கள், ரசமும் தண்ணீரும் கடைசியில். எதிர்மாறாகச் செய்தால் வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும். சோறு சீக்கிரம் திகட்டினால் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விடுங்கள்: அளவு கூடாமல் சக்தி கூடும், தவிர கொழுப்பு எரியும்போது வெளிவரும் கரியமில வாயு, மாவுச்சத்தைவிடக் குறைவு.

பழமும் சோயாவும் வெறும் வாய்ச்சொல் அல்ல. 1993 முதல் 1998 வரை சிங்கப்பூரில் 63,257 சீனர்களைச் சேர்த்துத் தொடங்கிய நீண்டகால ஆய்வில், பழ நார்ச்சத்தும் சோயா உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குச் சளியோடு கூடிய நாள்பட்ட இருமல் குறைவாக வந்தது. உணவுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல இது போதாது. ஆனாலும் நம் ஊர் மக்களின் தட்டிலிருந்து வந்த தகவல்.

அப்பளம், ஊறுகாய், உடனடி மீ போன்ற உப்புப் பண்டங்களையும், சாசேஜ், ஹாம் வகைகளையும் குறையுங்கள். வயிறு உப்பவைக்கும் சோடா வேண்டாம். மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரை எடுக்கிறார் என்றால் கோப்பி எத்தனை குவளை என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: ஸ்டீராய்டு இன்ஹேலர் போட்டபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படரும், எதைத் தின்றாலும் ருசிக்காது. “சாப்பாடு பிடிக்கலை” என்று அப்பா சொன்னால் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். மிளகாய் தாளிக்கும்போதும் சாம்பிராணி போடும்போதும் அவர் காற்றோட்டமான வேறு அறையில் இருக்கட்டும். நெடியில் இருமி ஓய்ந்தவரால் சாப்பிட முடியாது.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ, அரைமயக்கமாக இருந்தாலோ உடனே 995ஐ அழையுங்கள்.

ஞாயிறு தோறும் காலையில், சாப்பிடும் முன், எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மருந்தகத்துக்குப் போகும்போது அந்தத் தாளையும், இன்ஹேலர்களையும், அந்தப் பொடிப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போய், உணவு ஆலோசகரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள்.