ஒருமுறை பார்த்ததை அப்படியே நினைவில் வைத்திருப்பவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா?

அபார ஞாபகசக்தி உள்ளவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பக்கத்தைக் கேமரா போல மனதில் படம் பிடித்துவைத்து, பிறகு அதைப் பார்த்துப் படிக்கிற ஆள் என்று சோதனைகளில் ஐயமில்லாமல் நிரூபணமானவர் யாரும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவர் ரஷ்யாவின் சாலமன் ஷெரெஷெவ்ஸ்கி. 1920களில் மாஸ்கோவில் பத்திரிகை நிருபராக இருந்தவர். எதையுமே குறிப்பெடுக்காமல், சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்கிறாரே என்று அசந்துபோன ஆசிரியர்தான் அவரைச் சோதனைக்கு அனுப்பிவைத்தார். அலெக்சாண்டர் லூரியா என்ற உளவியலாளர் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பதினைந்து ஆண்டு கழித்துத் திடீரென்று கேட்டாலும் பழைய சொற்பட்டியலை ஒப்பித்தாராம்!

அவருக்கு ஒவ்வொரு ஒலியும் நிறமாக, சுவையாகக்கூடத் தெரியும். சொற்களை உருவங்களாக்கி, தெரிந்த தெரு ஒன்றில் வரிசையாக வைத்துவிட்டு, மனதுக்குள் அதே தெருவில் நடந்து ஒவ்வொன்றாக எடுப்பார். ஒருமுறை 'முட்டை' விட்டுப்போனது, ஏனென்றால் அதை வெள்ளைச் சுவரின் முன்னால் வைத்திருந்தார், கண்ணில் படவில்லை! புகைப்படம் எடுக்கிற மூளைக்கு இந்த மாதிரித் தவறு வராது. முகங்களை நினைவில் வைக்கவும் அவர் திணறினார், பாவனை மாறிக்கொண்டே இருக்கிறதே.

அப்புறம் தேர்ந்த சதுரங்க வீரர்கள். நிஜ ஆட்டத்தின் காய்களைச் சில நொடி பார்த்தாலே அடுக்கிவிடுவார்கள், ஆனால் காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்தால் புதியவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் மேலில்லை என்று 1973இல் சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். ஆக, அவர்களுடையதும் கேமரா நினைவு இல்லை.