கொக்குவிலில் வீடு, லண்டனில் கவுன்சில் வீடு

கேள்வி: வடமேற்கு லண்டனில் 19 ஆண்டுகளாக இரண்டு படுக்கையறைக் கவுன்சில் வீட்டில் (உள்ளூராட்சி மன்றம் வாடகைக்குத் தரும் வீடு) இருக்கிறோம். மாத வாடகை 620 பவுண்டு. நான் பள்ளிச் சமையலறையில் பகுதிநேர வேலை செய்கிறேன். கணவர் முதுகுவலியால் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை மாதம் 380 பவுண்டு வருகிறது. கடன் அட்டைகளில் 7,000 பவுண்டு பாக்கி. 14 மாதங்களுக்கு முன் அம்மா காலமானார். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அவருடைய சீதன வீடும் நான்கு பரப்புக் காணியும் எனக்கும் கனடாவில் இருக்கும் தம்பிக்கும் சேர்கின்றன. காணி உறுதிப் பத்திரம் இன்னும் அம்மாவின் பெயரில்தான். சின்னம்மா அங்கே குடியிருக்கிறார். உள் ஒழுங்கையில் இருக்கும் பழைய வீடு. 1 கோடியே 80 லட்சம் இலங்கை ரூபாய்க்குப் போகும் என்கிறார்கள். கோயிலில் ஒருவர், "தெரிந்தால் கவுன்சில் வீட்டைப் பறித்துவிடுவார்கள், சின்னம்மாவின் மகள் பெயருக்கு எழுதிவிடுங்கள்" என்கிறார். என் மகளோ, "சொந்த வீடு உள்ளவர்கள் கவுன்சில் வீட்டில் இருப்பதே தவறு" என்று சண்டை போடுகிறாள். அவளுடைய தோழியின் குடும்பம் மூன்று மாதமாக ஹோட்டல் அறை ஒன்றில் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, கோயிலில் கேட்டதை முதலில் மறந்துவிடுங்கள். அவர் சொன்ன ஆபத்தும் தவறு, சொன்ன மருந்தும் தவறு. நீங்கள் வீட்டை நினைத்து அஞ்சுகிறீர்கள். அஞ்ச வேண்டியது யூனிவர்சல் கிரெடிட்டை நினைத்து.

19 ஆண்டுகளாக இருக்கிறீர்கள் என்பதால் உங்களுடையது செக்யூர் டெனன்சி எனப்படும் நிலையான வாடகை உரிமையாகத்தான் இருக்கும். 1985ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் அதற்குக் கேட்பது ஒன்றுதான்: அந்த வீடு உங்களுடைய ஒரே இருப்பிடமாக, அல்லது முதன்மை இருப்பிடமாக இருக்க வேண்டும். வேறெங்கோ ஒரு வீட்டுக்கு உரிமையாளர் ஆகிவிட்டீர்கள் என்பது மட்டும் உங்களை வெளியேற்றக் காரணம் ஆகாது. விண்ணப்பித்த நாளில் சொத்து இருந்து அதை மறைத்து வீடு பெற்றிருந்தால் கதை வேறு. பொய் சொல்லிப் பெற்ற உரிமையை நீதிமன்றத்தின் வழியாகத் திரும்பப் பெறலாம். 2012க்குப் பிறகு பல கவுன்சில்கள் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும் வீடு கொடுக்கத் தொடங்கின. அப்படிப்பட்டவர்களுக்குத் தவணை முடியும்போது சொத்தைப் பற்றிய கேள்வி வரலாம். உங்களுக்கு இந்த இரண்டும் பொருந்தாது. ஆனாலும் உங்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். சொத்து சேர்ந்தால் தெரிவிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால் தெரிவித்துவிடுங்கள்.

இனி யூனிவர்சல் கிரெடிட். நீங்கள் குடியிருக்காத எந்த வீடும், அது கொக்குவிலில் இருந்தாலும் குரோய்டனில் இருந்தாலும், உங்கள் மூலதனமாகவே கணக்கிடப்படும். கணவன் மனைவி இருவருடைய மூலதனமும் சேர்த்து 16,000 பவுண்டைத் தாண்டினால் உதவித்தொகை முழுவதும் நின்றுவிடும். 6,000க்கும் 16,000க்கும் இடையில் இருந்தால் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்டு கழிக்கப்படும். பவுண்டுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உங்கள் வீட்டின் பெறுமதி 45,000 பவுண்டு. உங்கள் பாதி 22,500. விற்பனைச் செலவுக்கென்று பத்து சதவீதம் தள்ளுவார்கள், மிச்சம் 20,250. எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். உறுதி அம்மாவின் பெயரில் இருப்பது உங்களைக் காப்பாற்றாது. உரித்து யாருக்கு என்பதுதான் கேள்வி, பத்திரத்தில் எழுதியிருக்கும் பெயர் அல்ல.

ஒரு விதிவிலக்கு உண்டு. அது உங்களுக்கு மயிரிழையில் தப்பிப்போகிறது. ஓய்வூதிய வயதைக் கடந்த நெருங்கிய உறவினர் அந்த வீட்டில் குடியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நெருங்கிய உறவினர் யார் யார் என்று விதியில் வரிசையாக இருக்கிறது: பெற்றோர், மாமனார் மாமியார், பிள்ளைகள், அவர்களை மணந்தவர்கள், சகோதர சகோதரிகள். சின்னம்மா அதில் இல்லை. நம் முறையில் அவர் இன்னொரு தாய். யூனிவர்சல் கிரெடிட் அலுவலகத்துக்கு அவர் யாரோ. அங்கே இருப்பது உங்கள் அக்காவாக இருந்து, அவருக்கு எழுபது வயதும் ஆகியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

சின்னம்மாவின் மகளுக்கு எழுதிக் கொடுக்கும் யோசனைக்கு வருகிறேன். உதவித்தொகையைக் காப்பாற்றுவதற்காகச் சொத்தைக் கைமாற்றினால், அது இன்னும் உங்களிடமே இருப்பதாகப் பாவித்துக் கணக்குப் போடுவார்கள். வீடும் போய், பணமும் போய், கையில் ஒரு விசாரணைக் கடிதம்தான் மிஞ்சும். இந்தத் தொழிலில் நான் பார்த்த துயரமான கோப்புகளில் பாதி, "பெயரை மட்டும் மாற்றி வைப்போம்" என்று தொடங்கியவை. இரண்டாவது பாதி, மாற்றிக் கொடுத்த உறவினர் திருப்பிக் கொடுக்க மறுத்தவை.

ஆகவே மறைக்க வேண்டாம். ஆனால் இன்றிரவே யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் அலுவலகத்துக்குச் செய்தி எழுதும் ஜர்னலில் அவசரமாக எதையாவது எழுதிவிடவும் வேண்டாம். முதலில் யாழ்ப்பாணத்தில் தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம், அம்மா இறந்த நாளில் இருந்த பெறுமதியையும் இன்றைய பெறுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு வீட்டின் பிரிக்கப்படாத பாதியை, அதுவும் ஆள் குடியிருக்கும் வீட்டின் பாதியை, அந்நியர் ஒருவர் முழுவிலையின் சரிபாதி கொடுத்து வாங்குவாரா என்றும் அவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் வாங்க மாட்டார். அவர் அப்படி எழுதிக் கொடுத்தால் உங்கள் பங்கின் பெறுமதி கணிசமாக இறங்கலாம். வாதாட வேண்டிய இடம் இதுதான். அந்தத் தாளோடு, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்துக்கோ உங்கள் பகுதிச் சட்ட உதவி மையத்துக்கோ போய், அவர்கள் துணையோடு அறிவியுங்கள். வாரக்கணக்கில் முடிக்க வேண்டிய வேலை இது, மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். 14 மாதத் தொகையையும் திருப்பிக் கேட்டால் அது 5,320 பவுண்டு. தவணை முறையில் கழிப்பார்கள். நீங்களாகச் சொன்னீர்களா, அவர்களாகக் கண்டுபிடித்தார்களா என்பதற்கு இடையில்தான் கடனுக்கும் குற்ற வழக்குக்குமான தூரம் இருக்கிறது. கவுன்சில் வரியில் சலுகை பெறுகிறீர்கள் என்றால் அங்கும் இதே செய்தியைச் சொல்ல வேண்டும்.

வீட்டை என்ன செய்வது? என் யோசனை, தம்பியிடம் நியாயமான விலைக்குக் கொடுத்துவிடுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி கூட்டு உரிமையாளர் என்ற வகையில் முதலில் வாங்கும் உரிமை அவருக்குத்தான். வெளியாளுக்கு விற்றால் அவர் எழுந்து வந்து கேட்கலாம். சின்னம்மாவும் இருந்த இடத்திலேயே இருப்பார். விற்பதற்கான முயற்சியை உண்மையாகத் தொடங்கினால், தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு அந்தச் சொத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நியாயமான காரணம் இருந்தால் இன்னும் நீட்டிப்பார்கள்.

செலவு போகக் கையில் 20,250 வருகிறது என்று வைப்போம். கடன் அட்டைப் பாக்கி 7,000ஐ அடையுங்கள். இருக்கும் கடனை அடைப்பதைச் சொத்தைக் கரைத்ததாக விதி பார்க்காது. மிச்சம் 13,250. அதில் 6,000க்கு மேற்பட்டது 7,250. அதாவது 250 பவுண்டு வீதம் 29 பங்கு. மாதம் 126 பவுண்டு குறையும். 380 வந்த இடத்தில் 254 வரும். அட்டைக்குக் கட்டிவந்த வட்டி நிற்பதையும் சேர்த்துப் பாருங்கள், பெரிய நட்டம் இல்லை. வேறு சேமிப்பு இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பணத்தில் கவுன்சில் வீட்டையே வாங்கலாமே என்று உங்கள் கணவர் கேட்பார். குடியிருக்கும் கவுன்சில் வீட்டை வாங்குபவர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடியை 2024 நவம்பர் 21 முதல் வெட்டிவிட்டார்கள். லண்டனின் பெரும்பாலான பகுதிகளில் உச்சவரம்பு இப்போது 16,000 பவுண்டுதான். உங்கள் வருமானத்துக்கு மிச்சத்தை எந்த வங்கியும் கடனாகத் தராது. விட்டுவிடுங்கள்.

உங்கள் மகளின் கேள்வியைத் தட்டிக்கழிக்க மனமில்லை. இங்கிலாந்தில் 13 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் கவுன்சில் வீடு போன்ற சமூக வீட்டுக்காகக் காத்திருக்கின்றன. தற்காலிக இருப்பிடங்களில் இருக்கும் குடும்பங்கள் 1,30,000ஐத் தாண்டிவிட்டன. பிள்ளைகள் உள்ள குடும்பத்தை ஹோட்டல் அறையில் ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். தோழியின் குடும்பம் மூன்று மாதம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தைப் பார்த்த பெண்ணுக்குக் கோபம் வராவிட்டால்தான் வருத்தப்பட வேண்டும். புதிதாக வீடு கொடுக்கும்போது சொந்த வீடு உள்ளவர்களைத் தவிர்க்க வேண்டும் என்று அரசின் 2012 வழிகாட்டுதலே சொல்கிறது. அது சரி என்பதுதான் என் எண்ணமும்.

ஆனால் ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் அதே கோலை நீட்டலாமா? கவுன்சில் வீடுகள் ஏழைகளுக்கு மட்டும் என்று கட்டப்பட்டவை அல்ல. மருத்துவரும் மளிகைக் கடைக்காரரும் கூலித் தொழிலாளியும் ஒரே தெருவில் வாழ வேண்டும் என்று கனவு கண்டவர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுவசதியைக் கவனித்த அமைச்சர் அனுரின் பெவன். தொழிலாளர் வர்க்கத்துக்கு மட்டும் என்ற வரையறையை 1949இல் சட்டத்திலிருந்து நீக்கியதும் அவர் அமைச்சராக இருந்த அரசுதான். ரயில் தொழிற்சங்கத் தலைவர் பாப் க்ரோ ஆறிலக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே சமூக வீட்டில் இருந்தார் என்று பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் திட்டின, அவர் அசையவில்லை. வருமானம் கூடியவர்களிடம் கூடுதல் வாடகை வசூலிக்கும் கட்டாயத் திட்டத்தை 2016இல் சட்டமாக்கிவிட்டு, அதே ஆண்டு நவம்பரில் அரசே கைவிட்டது.

என் அளவுகோல் இது: அந்தச் சொத்தில் நீங்கள் போய்க் குடியிருக்க முடியுமா? கொக்குவில் வீட்டிலிருந்து லண்டனுக்குச் சமையல் வேலைக்கு வர முடியாது. அந்த வீட்டைக் காட்டி உங்களை வெளியேற்றினால், காத்திருப்போர் பட்டியலில் ஒரு குடும்பம் குறைந்து இன்னொரு குடும்பம் கூடும், அவ்வளவுதான். லெஸ்டரில் இரண்டு வீடுகளைச் சந்தை வாடகைக்கு விட்டுவிட்டு லண்டனில் 600 பவுண்டு வாடகையில் கவுன்சில் வீட்டில் இருப்பவர்களை நம் சமூகத்திலேயே எனக்குத் தெரியும். சட்டம் அவர்களைத் தொடுவதில்லை. தொட வேண்டும் என்பேன்: சந்தை வாடகை கொடுக்கட்டும், அல்லது சாவியைக் கொடுக்கட்டும். அவர்களில் இருவர் என்னிடம் ஆலோசனை கேட்டவர்கள்; இதைப் படித்தால் வேறு ஆலோசகரைத் தேடிக்கொள்வார்கள்.

கடைசியாக, பயணம். விற்பனையைக் கவனிக்க இந்தக் குளிர்காலத்தில் ஊருக்குப் போவீர்கள். வெளிநாட்டில் ஒரு மாதத்துக்கு மேல் தங்கினால் யூனிவர்சல் கிரெடிட் நிற்கும். நெருங்கிய உறவினர் இறந்து, அதனால் திரும்ப முடியாத நிலை இருந்தால் இன்னொரு மாதம் கொடுப்பார்கள். அம்மாவின் அந்தியேட்டிச் சடங்குக்கு 31 நாள் இருந்துவிட்டு வந்தீர்கள் என்றால், அப்போது பயண நாட்களைச் சரியாக அறிவித்தீர்களா என்று பழைய ஜர்னலைத் திறந்து பாருங்கள். இந்த முறை காணிக் கந்தோர் வேலைகளைத் தம்பிக்கோ நம்பிக்கையான சட்டத்தரணிக்கோ அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயல்படும் சட்ட அதிகாரம்) கொடுத்து ஒப்படைத்துவிட்டு, மூன்று வாரத்துக்கு டிக்கெட் எடுங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் லண்டன் வீட்டை உறவினர் யாருக்கும் வாடகைக்கு விட்டுவிடாதீர்கள். 2013 முதல் அது சிறைக்குப் போகக்கூடிய குற்றமாகவும் ஆகலாம்.