அமெரிக்கக் காற்று மாசில் இன ஏற்றத்தாழ்வு: வறுமை மட்டுமா காரணம்?

அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் வெள்ளையரைவிட மாசு மிகுந்த காற்றைச் சுவாசிப்பதற்கு வறுமைதானே காரணம், இதில் இனம் எங்கே வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். வறுமைக்குப் பங்கு உண்டு. ஆனால் அது மட்டும் காரணமன்று. வருமானம் ஒன்றாக இருக்கும் குடும்பங்களுக்கிடையிலும் இந்த இடைவெளி மறையவில்லை என்பதை 2021இல் வெளியான விரிவான ஆய்வு காட்டியது.

இதன் வேர் 1930களில் இருக்கிறது என்பது என் கருத்து. வீட்டுக்கடனுக்கான கூட்டரசு நிறுவனம் அப்போது நகரக் குடியிருப்புகளை நான்கு தரங்களாகப் பிரித்து, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைப் பெரும்பாலும் கடைசித் தரத்தில் சேர்த்து, வரைபடத்தில் சிவப்பு வண்ணமிட்டது. கடன் மறுக்கப்பட்டு நில மதிப்பும் வீழ்ந்த அத்தகைய பகுதிகள் பலவற்றை ஊடறுத்துத்தான் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நெடுஞ்சாலைகள் போடப்பட்டன. 202 நகரங்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, முதல் தரப் பகுதிகளைவிடச் சிவப்புப் பகுதிகளில் வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு 50 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாக இருந்ததை 2010ஆம் ஆண்டு அளவுகளைக் கொண்டே கண்டறிந்தது. வரைபடம் வரைந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகும் நிலைமை இதுதான்!

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரைப் பாருங்கள். வசதியானவர்கள் வாழும் பகுதிகளை ஒட்டிச் செல்லும் 580ஆம் எண் நெடுஞ்சாலையில் கனரக லாரிகளுக்குப் பல பத்தாண்டுகளாகத் தடை இருக்கிறது. எனவே துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகள் கறுப்பினத்தவரும் லத்தீன் வம்சாவளியினரும் மிகுந்து வாழும் பகுதிகளை ஒட்டிய 880ஆம் எண் நெடுஞ்சாலையில் டீசல் புகையைக் கக்கியபடி ஓடுகின்றன. எந்தச் சாலையில் லாரி ஓட வேண்டும் என்பதை முடிவு செய்தது சட்டம். அங்கே வாழ்பவரின் சம்பளம் அல்ல.

இன்னொன்று என்னை மிகவும் உறுத்துகிறது. 2019இல் வெளியான ஆய்வின்படி, கறுப்பினத்தவர் தாங்கள் வாங்கிப் பயன்படுத்தும் பொருள்களாலும் சேவைகளாலும் உண்டாகும் நுண்துகள் மாசைவிட (காற்றில் மிதக்கும் மிகச் சிறிய துகள்கள்) 56 விழுக்காடும், லத்தீன் வம்சாவளியினர் 63 விழுக்காடும் கூடுதலாகச் சுவாசிக்கிறார்கள். வெள்ளையரோ 17 விழுக்காடு குறைவாகச் சுவாசிக்கிறார்கள்.

1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு மாசு பெருமளவு குறைந்துவிட்டதே என்று சிலர் வாதிடுவார்கள். குறைந்தது உண்மைதான். ஆயினும் 1981இல் மிக மோசமாக இருந்த பகுதிகளே பெரும்பாலும் 2016இலும் மிக மோசமான பகுதிகளாக இருந்தன. ஆகவே தேசிய சராசரியைக் குறைப்பதோடு நில்லாமல், பாதிப்பு குவிந்திருக்கும் இடங்களின் ஆலைகளையும் லாரிப் போக்குவரத்தையும் குறிவைத்தே கட்டுப்பாடுகள் வர வேண்டும். அத்தகைய பாதிப்புகளைக் கண்டறிந்து களையும்படி கூட்டரசுத் துறைகளைப் பணித்த 1994ஆம் ஆண்டு அதிபர் ஆணை 2025 ஜனவரியில் நீக்கப்பட்டதை மிகப் பெரிய பின்னடைவாகவே கருதுகிறேன்.