துவாஸ் ஆலை உணரிகள்: 120 ஓம் மின்தடை எங்கே வர வேண்டும்?

வணக்கம் ஐயா. துவாஸ் ஆலையின் ஆர்எஸ்-485 தடத்தில் (ஏ, பி என்ற இரு கம்பிகளில் பல கருவிகள் தரவு பரிமாறும் இணைப்பு) எட்டு வெப்ப உணரிகளிலும் 120 ஓம் மின்தடை பொருத்திய பிறகு கடைசி மூன்றும் பதில் தருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த மின்தடைகளையே முதலில் சந்தேகிக்கிறேன்: எட்டும் இணையாகச் சேர்ந்தால் 15 ஓம் ஆகிவிடும், ஏறத்தாழ 54 ஓம் சுமைக்கென வடிவமைக்கப்பட்ட, தரவை அனுப்பும் சில்லு அதில் போதிய மின்னழுத்த வேறுபாட்டை எழுப்ப முடியாமல் திணறும். பிஎல்சி (உணரிகளிடம் தரவு கேட்கும் கட்டுப்பாட்டுக் கணினி) தடத்தின் ஒரு முனையில் இருந்தால் அங்கும் கடைசி உணரியிலும் மட்டும் மின்தடை இருக்கட்டும்; மற்றவற்றைக் கழற்றிவிடுங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, ஏ, பி கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டரால் அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். அதன் பின்னும் பதில் வராவிட்டால், அந்த மூன்றில் மட்டும் ஏ, பி கம்பிகளை இடம் மாற்றிப் பாருங்கள். உற்பத்தியாளர்கள் இவ்வெழுத்துகளை ஆளுக்கொரு பொருளில் அச்சிடுவது பழைய தலைவலி.