வெறுங்கால் வெள்ளைக்காரர்கள்

கேள்வி: கரீபியன் கடலில் உள்ள பார்படாஸ் தீவில் எடுத்த பழைய படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. வெறுங்காலோடு, கிழிந்த சட்டையோடு வெள்ளைக்கார மீனவர்கள். கீழே "மறைக்கப்பட்ட ஐரிஷ் அடிமைகள்" என்று போட்டிருக்கிறார்கள். உண்மையா?

பதில்: படத்தில் இருப்பவர்கள் உண்மை, கீழே இருக்கும் வரிதான் வில்லங்கம். அவர்களை ரெட்லெக்ஸ் என்பார்கள், சிவப்புக்காலர்கள். 1627-ல் ஆங்கிலேயர் அந்தத் தீவில் குடியேறியபோது புகையிலையும் பருத்தியும் விளைவிக்க ஆள் வேண்டியிருந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஏழைகள் கப்பல் கட்டணத்துக்குப் பதிலாக ஐந்து, ஏழு வருடம் உழைப்பதாகக் கைநாட்டு வைத்து வந்தார்கள், நம்ம ஒப்பந்தக் கூலி மாதிரிதான். 1650-களில் இங்கிலாந்தை ஆண்ட கிராம்வெல் அயர்லாந்தை அடக்கிய பிறகு கைதிகளையும் நாடோடிகளையும் பிடித்துப் பிடித்து ஏற்றினார்கள். 1685-ல் இங்கிலாந்து மன்னருக்கு எதிராக நடந்த மன்மத் கலகம் தோற்றதும் இன்னொரு கூட்டம். ஆளைக் கடத்தி நாடு கடத்துவதற்கு "பார்படாஸ் பண்ணுவது" என்று ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லே வந்துவிட்டது!

அங்கே பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல. 1647-லிருந்து மூன்று வருடம் தீவில் இருந்த ரிச்சர்ட் லிகன் என்ற ஆங்கிலேயர், அடிமைகளைவிட இந்த வேலையாட்களைத்தான் முதலாளிகள் மோசமாக நடத்தினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். காரணமும் சொல்கிறார்: அடிமை ஆயுளுக்கும் சொத்து, செத்தால் நஷ்டம்; இவன் ஐந்து வருடத்தில் போய்விடுவான், அதற்குள் கறந்துகொள். வேலையாட்கள் தாங்க முடியாமல் சதி செய்தபோது அவர்களில் 18 பேரைக் கொன்றார்கள்.

அப்படியானால் அடிமைதானே என்று கேட்பீர்கள். இல்லை. 1661-ல் தீவின் சட்டசபை வேலையாட்களுக்கு ஒரு சட்டமும் அடிமைகளுக்கு வேறு சட்டமும் போட்டது. வேலையாள் முதலாளி மேல் வழக்குப் போடலாம். அவனுக்குக் கெடு உண்டு. ஆப்பிரிக்கப் பெண்ணின் வயிற்றில் இருந்த பிள்ளை பிறக்கும் முன்பே விற்பனைச் சரக்கு, ஐரிஷ்காரியின் பிள்ளை அப்படியல்ல. "நாங்களும் அடிமையாக இருந்தோம், நாங்கள் புலம்பவில்லையே" என்று கறுப்பர்களின் வாயை அடைக்கத்தான் அந்தப் படத்தைச் சுற்றவிடுகிறார்கள். முன்னனுப்பாதீர்கள்.

கேள்வி: சரி, விடுதலையான பிறகும் ஏன் ஏழையாகவே இருந்தார்கள்? வெள்ளைத்தோல் உதவவில்லையா?

பதில்: உதவியது, கொஞ்ச காலம். 1640-களில் கரும்பு வந்ததும் பெரிய தோட்டக்காரர்கள் நிலத்தையெல்லாம் வளைத்துவிட்டார்கள். தீவே 430 சதுர கிலோமீட்டர்தான், கெடு முடிந்தவனுக்குக் காணி எங்கே இருக்கும்? தச்சு, கொத்து வேலையும் பழகிய அடிமைகளின் கைக்குப் போயிற்று, கூலி கொடுக்க வேண்டாமே. மிஞ்சியது ஒரே பிழைப்பு: அடிமைகள் கலகம் செய்தால் துப்பாக்கி தூக்க, ஒவ்வொரு தோட்டமும் இத்தனை வெள்ளையரை வைத்திருக்க வேண்டும் என்று விதி. அதற்காக ஒன்றிரண்டு ஏக்கர் தரிசு நிலம் கொடுத்தார்கள். 1838-ல் அடிமைகள் முழு விடுதலை பெற்றதும் அந்தக் காவல் யாருக்கும் தேவைப்படவில்லை, நிலமும் போயிற்று.

கேள்வி: இப்போது இருக்கிறார்களா? பெயர் எப்படி வந்தது?

பதில்: வெயிலில் வெந்த கால் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதற்கு முன்பே ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தாரை ரெட்ஷாங்க்ஸ் என்று அழைத்திருக்கிறார்கள், அதே அர்த்தம்தான். உள்ளூரில் இன்னொரு கேலிப்பெயர் பக்ரா ஜானி. பக்ரா என்பது மேற்கு ஆப்பிரிக்கச் சொல், வெள்ளைக்கார எஜமான். கால்காசுக்கு வழியில்லாதவனை அப்படிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்!

பலர் 19-ஆம் நூற்றாண்டில் மற்ற கரீபியன் தீவுகளுக்குக் கிளம்பிவிட்டார்கள்: செயின்ட் வின்சென்ட்டில் டார்செட்ஷயர் ஹில், கிரெனடாவில் மவுண்ட் மோரிட்ஸ், பெக்வியா தீவில் மவுண்ட் பிளசன்ட். சிலர் பார்படாஸ் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் கடை வைத்து முன்னேறி, பழைய பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள். பார்படாஸின் கிழக்குக் கரையில், செயின்ட் ஜான் பகுதியில், இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. கறுப்பர்களோடு கலந்து மணம் முடித்தவர்களும் அவர்களில் உண்டு.